ஒண்ணேகால் வோல்ட்டும் ஒரு மஞ்சள் சீட்டும்

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவள் பேர் ஒண்ணேகால்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கட்டித் தருகிற ஒண்ணேகால் அக்கா என்றால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கூட வழி சொல்லிவிடுவார். பட்டப்பேர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதையே கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் யார் கேலி செய்வது?

பேர் வந்த கதை சின்னதுதான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, அதைச் செய்த கம்பெனி சொன்ன வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்ட முடியும். ஓவர்கிளாக் என்பார்கள். வேகம் ஏற ஏற அது கூடுதல் வோல்ட் கேட்கும். கொடுத்தால் ஓடும், ஓடும்போது கொதிக்கும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதில்தான் ஆளாளுக்குச் சண்டை. ஒன்றரை வோல்ட் வரை தாங்கும் என்று மார் தட்டுபவர்கள் உண்டு. அவள் கணக்கு வேறு. அவள் கையாளுகிற வகைப் பிராசஸர்களுக்கு, முழுச் சுமையில் ஓடும்போது, ஒண்ணேகால் வோல்ட். வேறு வகைக்கு வேறு கணக்கு இருக்கலாம், அதை வேறு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பாள். அவள் கடையில் ஒண்ணேகாலுக்கு மேல் ஒரு நூல்கூட ஏறாது. கெஞ்சினாலும் ஏறாது, கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனாலும் ஏறாது.

போன வருடம் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஒருவர் வந்தார். கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது, அப்படி ஒரு தோள். பயிற்சி வீடியோக்களை வெட்டி ஒட்ட வேகமான மெஷின் வேண்டுமாம்.

"ஒண்ணு நாலு வைங்கக்கா, பரவாயில்ல. நல்லா காத்து விட்டுக்கறேன்."

"நீங்க காத்து விடுவீங்க. அது உயிர விடும்."

"நெட்ல ஒருத்தர் ஒண்ணரை வச்சு ஓட்டறாரு."

"அவர அடுத்த வருஷம் தேடிப் பாருங்க. எந்த மெஷின்ல உக்காந்து பேசறார்னு தெரியும்."

பயில்வான் சிரித்துவிட்டார். ஒண்ணேகாலில் வாங்கிக்கொண்டு போனவர், இரண்டே மாதத்தில் தன் நண்பர்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு வந்தார். "அக்காவோட மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொல்லிட்டேன்" என்று அவர் சொன்னபோது ஒண்ணேகாலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவளும் மனுஷிதானே.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் தனக்கென்று கட்டிய முதல் மெஷினுக்கு ஒண்ணு நாற்பத்தைந்து கொடுத்தாள். பத்து மாதம் அது ராஜநடை போட்டது. பதினோராவது மாதம் திடீரென்று தள்ளாடியது. இன்னும் கொஞ்சம் வோல்ட் கொடுத்தாள், தள்ளாட்டம் நின்றது. மறுவாரம் மறுபடி தள்ளாடியது. இன்னும் கொஞ்சம். கடைசியில் கம்பெனி சொன்ன சாதாரண வேகத்தில்கூட அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. அதிகமாகக் கொடுத்துக் கொடுத்து உள்ளேயே அரித்துவிட்டது. அன்று அவள் உட்கார்ந்து அழுதாள். ஒரு விரல் நீளச் சில்லுக்கு யாராவது அழுவார்களா என்று கேட்ட கணவரிடம், "நான்தாங்க கொன்னுட்டேன்" என்றாள். கீழே கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அந்த மனுஷருக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து வந்ததுதான் மஞ்சள் சீட்டு. ஒவ்வொரு மெஷினின் பக்கவாட்டு மூடியின் உள்பக்கமும் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டுவாள். வேகம், வோல்ட், சூடு, தேதி எல்லாம் அதில் இருக்கும். கீழே "ஆறு மணி நேரம் அடித்தேன், விழவில்லை" என்று அச்சடித்த வரி, அதன் கீழ் அவள் கையெழுத்து. அடிப்பது என்பது அவள் பாஷை. பிராசஸரின் அத்தனை பகுதிகளையும் ஒரே நேரத்தில் மூச்சுத் திணற வேலை வாங்குகிற சோதனை நிரல் ஒன்றை ஓடவிடுவாள். ஆறு மணி நேரத்தில் ஒரு தப்புக் கணக்கு போட்டாலும் சரி, பாதியில் அணைந்து விழுந்தாலும் சரி, முதலிலிருந்து. அதே விவரத்தை நீள நோட்டு ஒன்றிலும் எழுதி வைப்பாள். நோட்டில் இதுவரை நூற்றுநாற்பத்துமூன்று மெஷின்கள். ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகவாய் கொஞ்சம் மேலே போகும்.

நூற்றுநாற்பத்துமூன்றாவது மெஷின் நாத்தனாருக்குக் கட்டியது.

நாத்தனார் என்றால் கண்ணாடிக்காரரின் தங்கை, வீட்டில் செல்லமாகக் குட்டி. முப்பத்தைந்து வயதிலும் குட்டிதான். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்குள் நடந்து பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் படம் செய்வது அவள் தொழில். ஒன்பது வருடம் ஒரு அலுவலகத்தில் பிறர் பேர் போட்டுக்கொள்ளச் செய்துகொடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணி மெஷின் கட்டிக் குடுத்தா நான் வேலைய விட்டுட்டு சொந்தமா பண்ணுவேன்" என்றாள். சொன்னபடியே விட்டும் விட்டாள். போகும்போது மேலாளர், "மூணு மாசத்துல வந்துருவம்மா, உன் நாற்காலிய காலியாவே வைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

முதல் பெரிய வேலையாக ஒரு நூலகக் கட்டடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கட்டடக்கலைஞர் அந்தப் படத்தை நூலகக் குழுவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். படத்துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வரைந்து முடிக்க இருபத்தோரு மணி நேரம் ஆகும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண்ணாடிக்காரர் தங்கையை முன்னால் விட்டுப் பின்னால் படியேறி வந்தார். மனைவியையும் பார்க்காமல் தங்கையையும் பார்க்காமல் சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரைப் பார்த்தபடி, "ஏதோ மெஷின் விழுதாம். நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். விவரமான ஆள்.

"எப்ப விழுந்துச்சு?" என்றாள் ஒண்ணேகால்.

குட்டி கைப்பையின் வாரைத் திருகினாள். "நேத்து ரெண்டு தடவ. முந்தாநாள் வரைஞ்சுட்டு இருக்கறப்ப பாதில நின்னுடுச்சு அண்ணி."

"முத தடவ எப்ப?"

"அது... மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா? ஏன்டி சொல்லல?"

"உங்க சீட்டு இருக்கே அண்ணி. நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு நினைச்சேன். புது பிளக் மாத்துனேன். மேஜைய நகர்த்திப் போட்டேன். ரெண்டு தடவ எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஏத்துனேன்."

ஒண்ணேகால் பையில் வோல்ட் மானி, திருப்புளி, பென்டிரைவ் மூன்றையும் போட்டுக் கடையைச் சாத்தினாள். நடக்கும்போது மனசுக்குள் ஒரு குற்றப்பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. மின்சாரம், ராம் என்கிற நினைவுப்பட்டை, தூசி, குட்டி ஏற்றிவைத்திருக்கிற கண்ட கண்ட நிரல்கள். பட்டியலில் ஒண்ணேகாலின் பேர் மட்டும் இல்லை.

குட்டியின் வேலை அறை தெருப் பக்கம் பார்த்தது. சன்னல் ஓரம் மேஜை, மேஜைக்குக் கீழே மெஷின், அதைச் சுற்றி ஒரு கோயில் சந்நிதி மாதிரி துப்புரவு. ஒண்ணேகால் மூடியைக் கழற்றினாள். மஞ்சள் சீட்டு சிரித்தது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகம், ஒண்ணேகால் வோல்ட், ஆறு மணி நேரம். நினைவுப்பட்டையைச் சோதித்தாள், சுத்தம். மின்சாரத்தை அளந்தாள், சுத்தம். பிறகு தன் சோதனை நிரலைப் போட்டு அடிக்க ஆரம்பித்தாள். நாற்பது நிமிடம். மின்விசிறிகள் உச்சத்தில் சுற்றின, சூடு எண்பத்தோரு டிகிரியில் நின்றது, மெஷின் கல் மாதிரி அசையாமல் வேலை செய்தது.

"பாத்தியா?" என்றாள். குரலில் கொஞ்சம் வெற்றி தெரிந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "மெஷின்ல ஒண்ணும் இல்ல குட்டி. நீ ஏத்தின ஏதோ ஒரு நிரல்தான் படுத்துது. சோதனைய நிறுத்திட்டு வரேன், ஒரு டீ போடு, அப்புறம் அதையும் பாத்துருவோம்."

அடுப்படியில் நின்றபடியே இருவரும் டீ குடித்தார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது திரையில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி நின்றது. மெஷின் தானாக விழுந்து, தானாக எழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஒண்ணேகாலுக்கு முகம் செத்துப்போனது.

குட்டி மெதுவாகச் சொன்னாள், "அண்ணி, ஒண்ணு சொல்றேன், பைத்தியம்னு சிரிக்காதீங்க. மூலையில ஒரு வீடியோ பாட்டு ஓடிட்டே இருந்தா இது விழ மாட்டேங்குது. அதனால பாத்ரூம் போனாகூட பாட்டு போட்டுட்டுதான் போவேன். இப்ப நீங்க இருக்கீங்கன்னு போடல."

ஒண்ணேகால் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பாட்டுப் போட்டால் விழாதாம், தாலாட்டுப் பாடினால் இன்னும் நல்லா இருக்குமோ என்று கேட்கிற நாக்குதான் அது. ஆனால் வாய் திறந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பாட்டு ஓடினால் மெஷினுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். வேலை இருந்தால் விழவில்லை. அடித்தால் விழவில்லை. சும்மா விட்டால் விழுகிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெஷினை மறுபடி கிளப்பி, வோல்ட் அமைப்புகள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள். அங்கே, தன் கையாலேயே எழுதிய ஒரு வரி இருந்தது. கழித்தல் குறி, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு.

பிராசஸர் உட்கார்ந்திருக்கிற அந்த மதர்போர்டைத் தன் போக்கில் விட்டால் அது தாராளப் பிரபு. ஐந்து கிகாஹெர்ட்ஸுக்கு ஒண்ணு முப்பத்திரண்டை அள்ளிக் கொடுக்கும். அதை ஒண்ணேகாலுக்குள் இழுத்து வர அவள் கண்டுபிடித்த சுருக்கு வழி, மொத்தத்திலும் புள்ளி பூஜ்யம் ஏழு குறை என்று எழுதிவிடுவது. மொத்தத்திலும் என்றால் உச்ச வேகத்தில் மட்டும் இல்லை. மெஷின் வேலையில்லாமல் ஓய்ந்து, வேகத்தைத் தணித்து, சொற்ப வோல்ட்டில் அரைத்தூக்கம் போடும்போதும் அந்தக் குறைப்பு உண்டு. வீட்டில் ஒருத்தருக்குச் சர்க்கரை என்று எல்லோருடைய டீயிலும் ஒரு கரண்டி குறைத்த கதைதான். மூன்று கரண்டி போட்டுக் குடிப்பவருக்கு நல்லது. அரைக் கரண்டிக்காரருக்கு என்ன மிஞ்சும்? தூங்குகிற பிராசஸருக்குப் பிழைத்துக் கிடக்கப் போதுமான வோல்ட்கூட இல்லாமல் மயங்கி விழுந்தது. அவளோ ஆறு மணி நேரம் அடித்து அடித்துப் பார்த்தாளே தவிர, ஒரு மெஷினையாவது ஆறு நிமிடம் சும்மா உட்கார வைத்துப் பார்த்ததில்லை.

சுருக்கென்றது. இதை மென்று விழுங்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு நிரலை அழிப்பது போல அழித்து, அந்தக் கழித்தலையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, "சரி பண்ணிட்டேன்" என்று கைகழுவிப் போகலாம். குட்டி கையெடுத்துக் கும்பிடுவாள். இந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, நன்றாகவே வந்தது. மூன்று வாரம் தன்மேலேயே பழி போட்டுக்கொண்டு மேஜையை நகர்த்திய ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பு உன்னோடது இல்ல குட்டி. என்னோடது."

விளக்கமாகச் சொன்னாள். கரண்டிக் கதையையும் சொன்னாள். குட்டி பெரிய கண்ணை இன்னும் பெரிதாக்கிக் கேட்டாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, மணி பதினொண்ணு. இருபத்தோரு மணி நேர வேலை. வேலை குடுத்தா விழாதுல்ல? இப்படியே ஆரம்பிச்சுரலாமே, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"ஒவ்வொரு படம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்கு நடுவுல அது ஒரு மூச்சு ஓய்வெடுக்கும். முந்தாநாள் அங்கதான் விழுந்திருக்கு. கடைசில எல்லாத்தையும் சேக்கறப்பவும் விழலாம். ஒரு தரம் கண்ண மூடிட்டு என்னை நம்பிட்ட. இந்தத் தடவ கண்ணத் தொறந்து பாத்துட்டு நம்பு."

கழித்தல் வரியை எடுத்தாள். ஒண்ணேகாலைத் தாண்ட அப்போதும் அவளுக்கு மனசு வரவில்லை, வரவும் கூடாது. அதனால் வேகத்தை இறக்கினாள். ஐந்திலிருந்து நாலு புள்ளி எட்டுக்கு. அந்த வேகத்துக்கு போர்டு தானாகவே ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் கீழேதான் கொடுத்தது. ஓய்வில் இருக்கும்போது கொடுக்க வேண்டியதையும் முழுசாகக் கொடுத்தது. வேலைக்கு ஐம்பது நிமிடம் கூடுதலாகும். பதினைந்து நிமிடம் அடித்துப் பார்த்தாள், விழாமல் நின்றது. மணி பதினொன்றரை.

"இப்ப சோதனை," என்றாள். "ஒரு மணி வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. பாட்டு கிடையாது."

"நாம என்ன பண்றது?"

"அது பண்றதத்தான். சும்மா உக்காரணும்."

இரண்டு பெண்கள் ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது என்பது, அவர்கள் இரண்டு பேருக்குமே அந்த வருடத்தின் கடினமான வேலை. ஐந்தாவது நிமிடத்தில் ஒண்ணேகால் மேஜைத் தூசியைத் துடைக்கப் போனாள். "அசையாதீங்க அண்ணி" என்றாள் குட்டி. தெருவில் ஒரு லாரி போனபோது இருவரும் மெஷினைப் பார்த்தார்கள். கால்மணி நேரம் தாண்டியது. வழக்கமாக அதற்குள் விழுந்திருக்கும்.

"திட்டுவீங்கன்னு பயந்து சொல்லாம இருந்தேன்னு நினைக்காதீங்க," என்றாள் குட்டி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க பண்ணது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. அதான்."

இதைவிட அவள் நாலு வசவு வைதிருக்கலாம். ஒண்ணேகால் நாத்தனாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மெஷினின் சின்னப் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. ஒரு மணிக்கு அவள் எழுந்து, சுட்டியை அசைத்தாள். திரை விழித்தது. ஒன்றும் விழவில்லை. குட்டி படத்தை வரையவிட்டாள்.

மறுநாள் காலை பதினொன்றேகாலுக்கு ஒண்ணேகாலின் போனுக்கு ஒரு படம் வந்தது. உயரமான சன்னல்கள், வெயில் விழுந்த நீள மேஜைகள், யாரும் இன்னும் தொடாத புத்தக அலமாரிகள். கீழே, "முடிஞ்சுது, அனுப்பிட்டேன்" என்று ஒரு வரி. மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு வரி வந்தது. "அடுத்த கட்டடமும் எனக்குத்தான் அண்ணி. நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேலே ஓடி வந்தார். பெண்டாட்டி நீள நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"அந்த மாதிரி கழிச்சு எழுதினது மொத்தம் முப்பத்தெட்டு மெஷின்."

"யாரும் குறைன்னு வரலையே! நல்லாத்தான ஓடுது? நீயா எதுக்குப் போய் வம்ப வெலைக்கு வாங்கற? பேரு என்ன ஆகும்?"

"அந்தப் பேருக்குத்தாங்க போன் பண்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். புள்ளி வைத்த முதல் வரி உடற்பயிற்சிக்கூடத்துப் பயில்வான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அக்கா! சொல்லுங்கக்கா! மெஷின் சூப்பர்க்கா, ராக்கெட்!"

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. வேலை பாக்கறப்ப இல்ல. சும்மா விட்டுட்டுப் போறப்ப எப்பவாவது விழுந்திருக்கா?"

எதிர்முனையில் பின்னால் யாரோ இரும்பைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது.

"விழும்க்கா," என்றார் பயில்வான். அந்தப் பெரிய உடம்பிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவள் நினைத்ததில்லை. "வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ. ஆரம்பத்துலேர்ந்தே. எங்க பில்டிங் கரண்ட்டு சரியில்லன்னு ஓனரோட சண்டை போட்டேன். உங்க சீட்டு உள்ள இருக்கறப்ப உங்ககிட்ட எப்படிக்கா வந்து கேக்கறது? நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனாக்கா?"

நூற்றுநாற்பத்துமூன்றில் ஒன்றுகூடத் திரும்பி வராததற்கு அர்த்தம் என்ன என்று அப்போதுதான் ஒண்ணேகாலுக்கு முழுசாகத் தெரிந்தது.

"இல்ல தம்பி, நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்து சரி பண்ணித் தரேன். ஒரு மணி நேரம் மெஷின் சும்மா இருக்கணும், நானும் கூடவே உக்காந்திருப்பேன். அந்த ஓனர்கிட்டயும் நானே பேசறேன்."

போனை வைத்தாள். மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்து, மேல் சீட்டில் "ஆறு மணி நேரம் அடித்தேன்" என்பதற்குக் கீழே, "ஆறு மணி நேரம் சும்மா விட்டேன்" என்று இன்னொரு வரி எழுதினாள். பிறகு நோட்டில் அடுத்த புள்ளியில் விரலை வைத்து, கணவரிடம் போனை நீட்டினாள்.

"நம்பர் படிக்கறேன், நீங்க போடுங்க. இன்னும் முப்பத்தாறு பேர் இருக்காங்க."